வெளிநாட்டு ஊழியத்துக்குப் போறவங்களுக்கு: ரோட், பஸ், பைக், ஃபெரி பற்றி எல்லாரும் கேக்கிற கேள்விகள்

நானும் இவரும் (என்ர மனுசன்) 2015 தொடக்கம் 2018 வரைக்கும் உகண்டாவில, வடக்குப் பக்கம் அட்ஜுமானி எண்ட மாவட்டத்தில கிறிஸ்தவ ஊழியம் செய்தனாங்கள். தென் சூடானில சண்டைக்குத் தப்பி ஓடி வந்த சனம் இருக்கிற முகாம்கள்தான் எங்கட இடம். இப்ப வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தாப் பிறகு, ஞாயிறு ஆராதனை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கேக்க இளம் பிள்ளைகள் வந்து கேக்கிறதில பாதி "அக்கா, அங்க எப்பிடிப் போய் வந்தனீங்கள்?" எண்டதுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியேல்ல, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன். நான் சொல்றது உகண்டாக் கதை, நீங்க போற நாடு வேறயா இருந்தாலும் கனக்க விசயம் பொருந்தும்.

போக்குவரத்து உண்மையிலயே அவ்வளவு பெரிய பிரச்சினையா? பாம்பு, மலேரியா, சண்டை எல்லாம்தானே பயம்?

போக முதல் எங்களுக்கும் அதுதான் பயம். ஆனா அங்க இருந்த மூண்டரை வருசத்தில எங்களுக்குத் தெரிஞ்ச ஊழியக்காரருக்கு வந்த பெரிய காயம் எல்லாமே ரோட்டில வந்ததுதான். மலேரியாவுக்கு மருந்து இருக்கு, நுளம்பு வலை இருக்கு, ஆனா இரவு ரெண்டு மணிக்கு லைட் இல்லாம நடுரோட்டில பழுதாகி நிக்கிற லொறிக்கு மருந்து இல்ல. உலகம் முழுக்க வருசத்துக்குக் கிட்டத்தட்ட 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் ரோட் விபத்தில சாகினம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 5 வயசில இருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்கட சாவுக்கு முதல் காரணமே அதுதானாம். ஊழியத்துக்குப் போற இளம் ஆக்கள் எல்லாம் அந்த வயசுதான். அதால தயவுசெய்து இதை "போய்ப் பாத்துக்கொள்ளலாம்" எண்டு விடாதேங்கோ, பாஷை படிக்கிற மாதிரியே இதையும் படிச்சிட்டுப் போங்கோ.

கொழும்பில இருந்து எப்பிடிப் போறது?

கட்டுநாயக்காவில இருந்து நேரா உகண்டா எயார்போர்ட் இருக்கிற என்டெபேக்கு விமானம் இல்ல. துபாய் இல்லாட்டி தோஹாவில மாறித்தான் போகோணும். என்டெபே எண்டது விக்டோரியா ஏரிக்கரையில இருக்கு, அங்க இருந்து தலைநகர் கம்பாலா ஒரு 40 கிலோமீட்டர்.

இதில மறக்கக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் ஊசி. பொரளை எம்.ஆர்.ஐ.யில (மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில) போடுறாங்கள், போட்டு 10 நாள் போனாத்தான் அந்தச் சேர்ட்டிபிகட் செல்லும், அதால கடைசிக் கிழமைக்கு வச்சுக்கொள்ளாதேங்கோ. உகண்டாவுக்குள்ள போகவும் அது வேணும், திரும்பி இலங்கைக்குள்ள வரேக்கயும் கேப்பாங்கள். பாஸ்போர்ட்டோட சேத்தே வையுங்கோ, பெரிய பேக்குக்குள்ள போட்டு செக்இன் பண்ணிட்டு நிண்டு தவிச்ச ஒரு குடும்பத்தை நான் கண்ணால பாத்தனான்.

எங்கட லைசன்ஸ் அங்க செல்லுமா?

கொள்ளுப்பிட்டியில இருக்கிற ஓட்டோமொபைல் அசோசியேசன் ஒஃப் சிலோன்ல சர்வதேச ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், ஒரு வருசத்துக்கு. எங்கட சொந்த லைசன்ஸும் கூடவே இருக்கோணும், அது இல்லாம இது மட்டும் செல்லாது. கனகாலம் இருக்கப் போறீங்கள் எண்டா அந்த நாட்டு லைசன்ஸுக்கு மாத்துங்கோ. பைக்குக்கு லைசன்ஸ் இல்லாத ஆக்கள் இஞ்சயே பழகி எடுத்திட்டுப் போங்கோ, முக்கியமா பெண் பிள்ளைகள். அங்க போய்ச் செம்மண் ரோட்டில முதல்முதலா பைக் பழகிறது சரியான ஆபத்து.

ஒரு நல்ல விசயம், உகண்டாவிலயும் எங்கள மாதிரி இடப்பக்கம்தான் ஓடுறது. ஆனா வடக்கு எல்லை தாண்டித் தென் சூடானுக்குள்ள போனா வலப்பக்கம். எல்லைக்குக் கிட்டவா இருக்கிற ரோட்டில அந்தப் பழக்கத்திலயே வாற டிரைவர்மார் இருப்பாங்கள், கவனம்.

ஊருக்குள்ள பஸ் எப்பிடி? கொழும்பு 155 பஸ் மாதிரி ஏறிப் போகலாமா?

அங்க "டாக்ஸி" எண்டு சொல்றது மீற்றர் போட்ட காரை இல்ல, 14 பேர் ஏறுற வேனை. எங்கட ஊர் டொல்பின் வேன் இருக்குதானே, அதேதான், வெள்ளை நிறம், நீலக் கட்டம் போட்ட கோடு. தனியா கார் வேணும் எண்டா "ஸ்பெஷல் ஹயர்" எண்டு கேக்கோணும். இது தெரியாம எயார்போர்ட்டில "டாக்ஸி" எண்டு கேட்டு குழம்பிற ஆக்கள் இருக்கினம்.

கம்பாலா பழைய டாக்ஸி பார்க்கை முதல்நாள் பாத்தா தலை சுத்தும். எங்கட புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டை நினையுங்கோ, அதில பஸ்சை எல்லாம் எடுத்திட்டு இடைவெளியே இல்லாம வேனை மட்டும் அடுக்கி வச்ச மாதிரி. போர்ட் கனக்க இராது, கத்திக் கூப்பிடுறதைக் கேட்டுத்தான் ஏறோணும். நேர அட்டவணை எண்டு ஒண்டு இல்ல, ஆள் நிரம்பினாத்தான் எடுப்பாங்கள், அது அரை மணித்தியாலமாவும் இருக்கலாம் மூண்டு மணித்தியாலமாவும் இருக்கலாம். ஆரம்பத்தில எனக்கு இது சரியான கோவத்தைக் குடுத்தது, பத்து மணிக் கூட்டத்துக்கு ஒரு மணிக்குப் போய் நிக்கிறது எண்டா எப்பிடி இருக்கும். பேந்துதான் விளங்கினது, அங்க எல்லாருமே அப்பிடித்தான் வருவினம், கூட்டம் தொடங்கிறதே வரவேண்டிய ஆக்கள் வந்தாப் பிறகுதான். அந்த நிரம்பாத வேனுக்குள்ள குந்தியிருந்த மணித்தியாலங்களிலதான் நான் அட்ஜுமானிச் சனத்தின்ர "மாடி" எண்ட பாஷையைக் கதைக்கவே பழகினது. பக்கத்தில மடியில கோழியோட இருந்த அம்மாமார் ஒவ்வொரு சொல்லாச் சொல்லித் தருவினம், பிழையாச் சொன்னா முழு வேனும் சேந்து திருத்தும்.

தூரப் பயணத்துக்குப் பெரிய பஸ் இருக்கு. கம்பாலாவில இருந்து வடக்கில இருக்கிற குலு நகரத்துக்கு 330 கிலோமீட்டர் அளவு, அட்ஜுமானிக்கு இன்னும் மேல. இரவு பஸ்ஸும் ஓடுது, நாங்கள் ஏறுறேல்ல எண்டு முடிவெடுத்தம். ஒரு நாள் வீணாப் போனாலும் பரவாயில்ல, வெளிச்சத்திலதான் பயணம். கருமா பாலத்தடியில நைல் நதி வெள்ளையா நுரைச்சு ஓடுறதையும் ரோட் ஓரத்தில பபூன் குரங்குகள் வரிசையா இருக்கிறதையும் பகல்ல போனதாலதான் பாத்தனாங்கள், அது வேற.

போடா போடா எண்டா என்ன? ஏறலாமா?

பைக் டாக்ஸி. கென்யா எல்லையில, ஒரு பக்கத்து போர்டரில இருந்து மற்றப் பக்கத்து போர்டருக்கு சைக்கிள்ல ஆள் ஏத்தினதில இருந்துதான் "போர்டர் போர்டர்" எண்டு கூப்பிட்டு "போடா போடா" ஆனது. தமிழ் ஆக்களுக்கு அந்தப் பேர் காதில விழேக்க ஒரு மாதிரியா இருக்கும், ரெண்டு நாளில பழகிடும். இப்ப கூடுதலா ஓடுறது பஜாஜ் பொக்ஸர் பைக், எங்கட ஊர் ஓட்டோ செய்யிற அதே கொம்பனிதான்.

ஏறாம இருக்க ஏலாது, வேன் போகாத இடத்துக்கு அதுதான் போகும். ஆனா எங்களுக்கு நாங்களே போட்ட சட்டம் சிலது இருந்தது. தெரிஞ்ச ரெண்டு பேரோட மட்டும் போறது, அவங்கட நம்பர் ஃபோன்ல இருக்கும், காசு மொபைல் மணியில அனுப்புவம். இஞ்ச இருந்து நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொண்டுபோனனாங்கள், பின்னால இருக்கிறவருக்கும் ஹெல்மெட் போடுறது எங்களுக்குச் சின்னனில இருந்தே பழக்கம், அங்க என்னைப் பாத்து முதல்ல சிரிச்சவை, பிறகு எங்கட சபைப் பிள்ளைகள் ரெண்டு பேர் தாங்களும் வாங்கினவை. மூண்டாவது ஆள் ஏறினா நான் இறங்கிடுவன். இருட்டினாப் பிறகு இல்லவே இல்ல.

சேலை, நீளப் பாவாடை உடுக்கிற ஆக்களுக்கு ஒண்டு: அங்க பெண்கள் ஒருபக்கமா காலைப் போட்டுத்தான் இருப்பினம், அதில துணி சில்லுக்குள்ள சிக்கினா முடிஞ்சுது. பாவாடைக்குக் கீழ ஒரு காற்சட்டை போட்டுக்கொண்டு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு இருங்கோ, ஒருத்தரும் தப்பா எடுக்கமாட்டினம்.

சொந்தமா வண்டி வாங்கிறது நல்லமா?

முதல் ஆறு மாசம் வாங்காதேங்கோ, இது என்ர உறுதியான கருத்து. வேன்லயும் கால்நடையாவும் போய் ஊரைப் படியுங்கோ, எந்த ரோட் மழைக்கு நிக்கும், எந்தக் கராஜ் பாஸ் நேர்மையானவர் எண்டு சனம் சொல்லும். நாங்கள் ஏழாம் மாசம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒண்டு வாங்கினம். அங்கயும் யப்பானில ஓடி முடிஞ்ச, வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள்தான் வருது, அதால பார்ட்ஸ் பேரெல்லாம் எங்களுக்குப் பழக்கப்பட்ட பேர். எல்லாரிட்டயும் இருக்கிற மொடலையே வாங்குங்கோ, அழகான அபூர்வமான வண்டி வாங்கினா ஒரு ரப்பர் புஷ்ஷுக்கு கம்பாலா வரைக்கும் ஆள் அனுப்ப வேண்டி வரும்.

இலங்கையில இருந்து வண்டி அனுப்பலாமா எண்டும் கேக்கினம். வேண்டாம், வரியும் கப்பல் காசும் சேந்தா அங்க வாங்கிறதவிடக் கூட.

செலவைச் சொன்னா, எங்களுக்கு சபை அனுப்பின மாதக் காசில மூண்டில ஒரு பங்கு டீசல், டயர், ஸ்பிரிங் பிளேட் எண்டு வண்டிக்கும் பயணத்துக்குமே போனது. அனுப்புற சபைகள் இதைத் தெரிஞ்சு வச்சிருக்கோணும். "சுவிசேசத்துக்குக் காசு தந்தம், இவங்கள் டயர் வாங்கினம்" எண்டு ஒருத்தர் கமிட்டியில சொன்னதாக் கேள்விப்பட்டு நான் அண்டைக்கு அழுதனான். டயர் இல்லாம அந்த முகாமுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேராது.

மழைக்காலம் எப்பிடி?

வடக்கு உகண்டாவில கிட்டத்தட்ட சித்திரையில இருந்து ஐப்பசி வரைக்கும் மழை, டிசம்பரில இருந்து மார்ச் வரைக்கும் மழை இல்லாத காய்ஞ்ச காலம். ரோட் எல்லாம் "மரம்" (murram) எண்டு அங்க சொல்ற சிவப்புச் செம்மண் கிரவல். காய்ஞ்சா முன்னுக்குப் போற லொறியின்ர தூசி பத்து நிமிசத்துக்குக் கண்ணை மறைக்கும், நனைஞ்சா சவுக்காரம் பூசின மாதிரி வழுக்கும். ரோட் நடு உயந்து ரெண்டு பக்கமும் சரிஞ்சிருக்கும், மெல்லமாத்தான் வழுக்கும், ஆனா வழுக்கத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது, வண்டி தன்ர பாட்டில கானுக்குள்ள போய்ப் படுத்திடும். பிரேக் பிடிக்காதேங்கோ, சின்ன கியரில காலை எடுத்திட்டு விடுங்கோ. வண்டியில எப்பவும் மண்வெட்டி, கயிறு, ரெண்டு பலகை, குடிதண்ணி, ஒரு போர்வை.

பள்ளத்தில தண்ணி ஓடுதெண்டா ஒரு ஆள் இறங்கி நடந்து பாக்காம வண்டியை விடக் கூடாது. முழங்காலுக்கு மேல எண்டா திரும்பி வாறதுதான். கூட்டத்துக்குச் சனம் காத்திருக்கே எண்டு மனம் சொல்லும். காத்திருக்கட்டும், அவைக்குத் தெரியும் அந்தப் பள்ளத்தைப் பற்றி, எங்களைவிட நல்லாத் தெரியும்.

ஃபெரி பற்றிச் சொல்லுங்கோ?

அட்ஜுமானிக்கும் பக்கத்து மோயோ மாவட்டத்துக்கும் நடுவில நைல் ஓடுது, லரோப்பியில ஃபெரியிலதான் வண்டியோட கடக்கோணும். அந்தக் கரையில எங்களுக்கு ரெண்டு சின்ன சபை. ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு செத்த வீடு, அடக்கம் முடிஞ்சு வரப் பிந்திப் போச்சு, நாங்கள் கரைக்கு வரேக்க கடைசி ஃபெரி நடு ஆத்தில போகுது. அதுக்கு மேல இனிக் காலமைதான்.

வண்டிக்குள்ள படுத்தம். ஆகாயத்தாமரை கும்பல் கும்பலா இருட்டில மிதந்து போகுது, எங்கயோ நீர்யானை ஒண்டு மூச்சு விடுற சத்தம். ஒரு மீன் விக்கிற அம்மா, எங்களை முன்பின் தெரியாது, அடுப்பில சுடச்சுடத் தேத்தண்ணி வச்சுக் கொண்டுவந்து தந்திட்டு, கண்ணாடியை ஏத்துங்கோ நுளம்பு எண்டு சைகையில காட்டிட்டுப் போனா. காலமை பாத்தா எங்கட வண்டிக்குப் பின்னால ஒரு லொறி, ரெண்டு வேன், ஒரு நோயாளியைத் தூக்குக் கட்டில்ல வச்சுக்கொண்டு நாலு பேர். அந்த நோயாளியும் இரவு முழுக்க அங்கதான் இருந்திருக்கிறார். நாங்கள் போர்வைக்குள்ள படுத்திருந்தது எனக்கு இப்பவும் நெஞ்சில குத்தும்.

வண்டி இருந்தா எல்லாரும் லிஃப்ட் கேப்பினமே, என்ன செய்யிறது?

கேப்பினம். இடம் இருந்தா ஏத்துங்கோ, ஆனா பின்பெட்டியில ஆள் நிரப்பிக்கொண்டு வேகமா ஓடாதேங்கோ, ஒரு குலுக்கலில ஒரு பிள்ளை விழுந்தா அந்தப் பொறுப்பு உங்களோடதான்.

நோயாளி விசயம் வேற. இரவில பயணம் இல்ல எண்டு சட்டம் போட்டிருந்தம் எண்டு சொன்னன்தானே, அதை நாங்கள் மூண்டு தரம் மீறினம், மூண்டும் பிள்ளைப்பேறு. ஒரு இரவு 11 மணிக்கு கதவைத் தட்டினாங்கள், 2016இல கனபேர் எல்லை தாண்டி வந்து புது முகாம் திறந்த நேரம், ஒரு பிள்ளைத்தாச்சிக்கு வலி தொடங்கி ஒரு நாள் ஆச்சாம். பின்பெட்டியில மெத்தை போட்டு, நான் அவவின்ர தலையை மடியில வச்சுக்கொண்டு, இவர் மணித்தியாலத்துக்கு 15 கிலோமீட்டரில ஓட்டினார். ஒவ்வொரு குழிக்கும் அவ என்ர கையை இறுக்கிப் பிடிப்பா, அதை வச்சு நான் கண்ணாடியில தட்டுவன், இவர் இன்னும் மெல்லமாக்குவார். ஆஸ்பத்திரி வாசல்ல பிள்ளை பிறந்தது. எல்லாத் தரமும் அப்பிடி முடியேல்ல.

அதால போக முதலே ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ, எதுக்கு இரவில வண்டி எடுப்பம், எதுக்கு எடுக்கமாட்டம் எண்டு. கதவைத் தட்டுற நேரத்தில யோசிக்க ஏலாது.

சின்ன விமானத்தில போகலாமாமே?

ஓம், மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் எண்ட அமைப்பு, 1945இல ரெண்டாம் உலக யுத்தத்தில பறந்த விமானிகள் தொடங்கினது. அவங்கட முதல் பயணத்தை 1946இல மெக்சிக்கோவுக்கு ஓட்டினது பெற்றி கிரீன் எண்ட ஒரு பெண் விமானி, எங்கட ஞாயிறு பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு நான் கட்டாயம் சொல்ற கதை இது. உகண்டாவில கம்பாலாவுக்குப் பக்கத்தில கஜான்சி எண்ட சின்ன ஓடுபாதையில இருந்து செஸ்னா கரவான் விமானம் போகும். ரோட்டில ஒரு முழு நாள் போறது ஒண்டரை ரெண்டு மணித்தியாலத்தில முடியும். பேக்கை மட்டும் இல்ல, ஆளையும் தராசில ஏத்தி நிறுப்பாங்கள், வெக்கப்படாதேங்கோ, விமானத்தின்ர சமநிலைக்கு அது வேணும். காசு கூட, அதால நாங்கள் வருசத்துக்கு ஒண்டு ரெண்டு தரம்தான், வருத்தம் வந்தா, இல்லாட்டி ரோட்டில பிரச்சினை எண்டா.

விபத்து நடந்தா?

போக முதலே காப்புறுதிப் பத்திரத்தை ஒரு வரி விடாம வாசியுங்கோ. கனக்கப் பத்திரத்தில மோட்டர்சைக்கிள் விபத்துக்குக் காசு இல்ல எண்டு எங்கயோ கீழ எழுதியிருப்பாங்கள், எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிக்கு கால் உடைஞ்சாப் பிறகுதான் அது தெரிஞ்சுது. அவசரத்துக்கு விமானத்தில கொண்டுபோற வசதியும் அதில இருக்கா எண்டு பாருங்கோ. நைரோபியில இருந்து அம்ரெஃப் பறக்கும் வைத்தியர் சேவை 1957இல இருந்து கிழக்கு ஆபிரிக்காவில இதைச் செய்யுது.

நீங்க ஓட்டின வண்டியில ஒருத்தர் அடிபட்டா, கோபமாக் கூட்டம் கூடுதெண்டா அங்க நிக்காம கிட்டவா இருக்கிற பொலிசுக்கு நேராப் போய்ச் சொல்லுங்கோ, ஆம்புலன்சுக்கும் அங்க இருந்தே சொல்லுங்கோ. பேந்து ஊர்ப் பெரியவரோட அந்தக் குடும்பத்திட்டப் போங்கோ. பொலிஸில முடிஞ்சாலும் குடும்பத்தோட முடியேல்ல எண்டா ஒண்டும் முடியேல்ல.

அந்தக் காலத்து மிஷனரிமார் இதெல்லாம் இல்லாம எப்பிடிப் போனவை?

நடந்து. புனித யோசப் வாஸ் 1687இல இந்தியாவில இருந்து தோணியில யாழ்ப்பாணத்துக்கு வந்தார், கூலியாள் வேசத்தில, வரேக்கயே சரியான வருத்தம். பிறகு இந்த நாடு முழுக்கக் கால்நடைதான். 2015இல காலிமுகத்திடலில பாப்பரசர் அவரைப் புனிதராக்கின அண்டைக்கு, கத்தோலிக்கர் இல்லாத நாங்களும் போய் நிண்டனாங்கள், இன்னும் கொஞ்ச நாளில பயணம், அவர் நடந்த தூரத்தைப் பற்றித்தான் எனக்கு யோசனை ஓடினது.

உகண்டாவில அலெக்சாண்டர் மக்காய் எண்ட ஸ்கொட்லாந்து இன்ஜினியர் இருந்தார். போற வழியில வருத்தம் வந்து கரைக்குத் திருப்பி அனுப்பினாங்கள், அவர் சும்மா இருக்காம 1877இல கடற்கரையில இருந்து உள்ளுக்கு, இப்ப தன்சானியாவில இருக்கிற ம்ப்வாப்வா வரைக்கும் 230 மைலுக்கு ரோட் வெட்டினார். 1878இலதான் உகண்டாவுக்குப் போய்ச் சேந்தார். அடுத்து பிஷப் ஹானிங்டன், 1885இல கிழக்குப் பக்கத்தால கிட்டின பாதையில வந்தார். கிழக்கால வாற அந்நியராலதான் நாடு போகும் எண்டு அங்க ஒரு பயம் இருந்தது, அது அவருக்குச் சரியாத் தெரியேல்ல, உகண்டாவின்ர கிழக்கில புசோகாவில வச்சுக் கொலை செய்துபோட்டாங்கள். எந்தப் பாதையால போறது எண்டதை வரைபடத்தைப் பாத்து முடிவெடுக்காம அங்க இருக்கிற ஆக்களிட்டக் கேளுங்கோ எண்டு நான் திருப்பித் திருப்பிச் சொல்றது இதாலதான்.

பெண் பிள்ளை தனியாப் போகலாமா?

போகலாம், போயிருக்கினம். ஆனா கிராமத்துக்குப் போகேக்க சபை அம்மா ஒருத்தரைக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவின்ர பயணக் காசையும் கணக்கில சேருங்கோ. அவ வந்தா கதவும் திறக்கும்.

அம்மா அப்பா சரியாப் பயப்படுகினம், என்ன சொல்றது?

பயப்படாதேங்கோ எண்டு சொல்லாதேங்கோ, அதுக்குப் பதிலா ஒரு ஒழுங்கு வையுங்கோ. நாங்கள் வெளிக்கிட முதல் எங்க போறம், எந்த ரோட், எத்தினை மணிக்கு சேருவம் எண்டு அம்மாவுக்கு ஒரு மெசேஜ், போய்ச் சேந்தா "சேந்திட்டம்" எண்டு ஒண்டு. சொன்ன நேரத்தில இருந்து நாலு மணித்தியாலம் போயும் வரேல்ல எண்டா அம்மா ஆருக்கு எடுக்கோணும், அவர் ஆரை அனுப்புவார் எண்டு பேரும் நம்பரும் எழுதி வெள்ளவத்தை வீட்டு ஃப்ரிஜ்ஜில ஒட்டிட்டுப் போனனாங்கள். கொழும்பு நேரம் உகண்டாவைவிட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, அதை வச்சுக் கணக்குப் பாக்கவும் அவவுக்குப் பழக்கிட்டுப் போனம். லரோப்பியில படுத்த அண்டைக்கு சிக்னல் இல்ல. அம்மா பேப்பரைப் பாத்து எடுத்திருக்கிறா, எங்கட பாஸ்டர் அந்தக் கரையில இருந்த ஒருத்தருக்குச் சொல்லி, காலமை அஞ்சரைக்கு ஒரு பெடியன் சைக்கிள்ல வந்து வண்டிக் கண்ணாடியைத் தட்டினான்.